இருபது வருடம் ஒரே ஜெர்சி, இனி என்ன?

"அண்ணா, ஒன்பது வயதில் இந்தக் கால்பந்துக் கிளப்பின் அகாடமிக்கு வந்தேன். இப்போது 29, ஏப்ரலில் 30 ஆகிறது. வேறு ஜெர்சி போட்டதே இல்லை. முதல் அணியில் பதினோரு சீசன், நடுக்களத்தில் எட்டாம் நம்பர், கடைசி நான்கு சீசனாகக் கேப்டன். ஒப்பந்தம் வரும் ஜூனில் முடிகிறது. கிளப் ஒரு வருடம் தருகிறது; வேண்டுமென்றால் இன்னொரு வருடம் அவர்களே நீட்டித்துக்கொள்வார்களாம். வேறு நாட்டில் ஒரு கிளப் மூன்று வருடம் தரத் தயார். அவர்களுடைய ஆள் எனக்கே நேராகப் போன் செய்தார். புதிய கோச் வந்ததிலிருந்து பாதி ஆட்டங்களில் பெஞ்ச். வியாழக்கிழமைப் பயிற்சியில் எனக்கு இரண்டாவது அணியின் பிப் (அணி பிரிக்க மேலே போடும் கலர் பனியன்) தருகிறார்கள். என் பெயர் எழுதிய பேனர் மட்டும் மைதானத்தில் இன்னும் தொங்குகிறது. அடுத்த வருடம் எனக்காக ஒரு கௌரவ ஆட்டம் நடத்துவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா 'சோறு போட்ட இடம்டா' என்கிறார். மனைவி கிளம்பலாம் என்கிறாள். விசுவாசமாக இருப்பது முட்டாள்தனமா?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பிப்தான். நானும் நடுக்களத்தில் ஆடியவன், பதின்மூன்று வருடம் ஒரே கிளப். ஒரு வியாழக்கிழமை காலை, உதவிக் கோச் பிப் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தார். முதல் அணிக்கு நீலம், மற்றவர்களுக்கு மஞ்சள். என் முன்னால் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், ஏதோ மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டே மஞ்சளை நீட்டினார். அவர் என்னோடு ஏழு வருடம் ஆடியவர், நண்பர். அதனால்தான் பார்க்க முடியவில்லை. அந்தச் சீசன் கடைசியில் எனக்கு ஒப்பந்தம் நீட்டிக்கவில்லை. அதனால் நீங்கள் எந்த இடத்தில் நின்று எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். நான் ஏஜெண்ட் இல்லை. நீங்கள் போனாலும் இருந்தாலும் எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெளிநாட்டு ஆள் உங்களுக்கு நேராகப் போன் செய்தது விதிப்படி தவறு. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரோடு பேச நினைக்கும் கிளப், முதலில் அவருடைய இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஃபிஃபாவின் இடமாற்ற விதி. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் நீங்கள் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். உங்களுடையது ஜூன் 30 என்றால் ஜனவரி பிறக்கும்வரை பொறுக்க வேண்டும். எனவே அவர் மறுபடி கூப்பிட்டால் "எங்கள் கிளப்புக்கு எழுதுங்கள்" என்ற ஒரு வரியோடு வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "சரி, பார்க்கலாம்" என்றுகூடப் போடாதீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் எங்கெங்கே போகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆறு மாத உரிமையும் சும்மா வந்ததில்லை. ஐரோப்பாவில் 1995 டிசம்பர் 15-இல் வந்த போஸ்மன் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. (வழக்குப் போட்ட ஜான்-மார்க் போஸ்மனும் ஒரு நடுக்கள ஆட்டக்காரர்தான், பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடியவர்.) அதற்கு முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் விலை கேட்கலாம். விலை படியாவிட்டால் ஆட்டக்காரர் நடுத்தெருவில்தான். அதனால் பழைய காலத்து "ஒரே கிளப்" பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு: இவர்களில் எத்தனை பேர் பாசத்தால் இருந்தார்கள், எத்தனை பேர் கதவு பூட்டியிருந்ததால் இருந்தார்கள்? 1995-க்குப் பிறகு இருந்தவர்களைப் பற்றித்தான் "இருந்தார்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். நீங்களும் அந்தக் கணக்கில் வருகிறீர்கள். இதுவரை இருந்தது உங்கள் முடிவு, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விசுவாசம் முட்டாள்தனமா என்றால், இல்லை. ஆனால் யாரிடம் விசுவாசம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உங்களை ஒன்பது வயதில் எடுத்த பயிற்சியாளர் இன்னும் அங்கே இருக்கிறாரா? முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிர்வாகி? பதினெட்டு வயதில் உங்களை இறக்கிய கோச்? அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார்கள். பெயரும் நிறமும் மைதானமும் அப்படியே இருக்கின்றன, உள்ளே முடிவெடுக்கிற ஆட்கள் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். உங்கள் அப்பா சொல்வது சரிதான், அது சோறு போட்ட இடம். ஆனால் அந்தச் சோற்றைப் போட்டவர்கள் கிளம்பிப் போய் ரொம்ப நாளாகிறது.

இத்தாலியின் ரோமா கிளப்பில் ஆடிய டேனியேலே டி ரோஸியைப் பாருங்கள். ரோமில் பிறந்தவர், நடுக்களத்தில் சுவர் மாதிரி நிற்பவர், 2001-இல் முதல் அணிக்கு வந்து 616 ஆட்டங்கள் ஆடியவர். அவருக்குப் பக்கத்தில் கேப்டன் டோட்டி என்ற பெரிய மரம் நின்றதால் பல வருடம் "வருங்காலக் கேப்டன்" என்றே காத்திருந்தார். 2019 மே மாதம் கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அவருக்கு இன்னும் ஆட ஆசை. நான் நிர்வாகியாக இருந்திருந்தால் எனக்கு நீட்டித்திருப்பேன் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார். அப்புறம் அர்ஜெண்டினாவுக்குப் போய் போக்கா ஜூனியர்ஸில் கொஞ்ச காலம் ஆடி முடித்தார். கதை இதோடு நிற்கவில்லை. 2024 ஜனவரியில் அதே ரோமா அவரைக் கோச்சாகக் கூப்பிட்டது. அணி நன்றாக ஆடியது, ஜூனில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். செப்டம்பரில், புதிய சீசனின் நான்கே லீக் ஆட்டம் முடிந்த நிலையில், வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு அவர் மேல் இருந்த பாசம் துளிகூடக் குறையவில்லை, கையெழுத்துப் போடுகிற அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை. உங்கள் பேனரும் உங்கள் ஒப்பந்தமும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும்.

கிளப்பின் கணக்குப் புத்தகத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருடங்களில் பிரித்துச் செலவாக எழுதுவார்கள், எழுதாத மிச்சம் அவருடைய புத்தக மதிப்பு. அகாடமியில் வளர்ந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை, பூஜ்யம். அவரை விற்றால் வருவது முழுவதும் லாபம். செலவுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு, கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய கிளப்புக்கு முதலில் கண்ணில் படுவது சொந்தப் பிள்ளைதான். செல்சியில் சிறு வயதிலிருந்து வளர்ந்த மேசன் மவுண்ட் 2023-இலும், கானர் கேலகர் 2024-இலும் விற்கப்பட்டபோது இங்கிலாந்தில் இதைத்தான் பேசினார்கள். நீங்கள் 23 வயதில் விலைபோகாமல் தப்பித்தீர்கள். இப்போது உங்களை விற்றாலும் பெரிய தொகை வராது. அதனால்தான் அவர்கள் அமைதியாக இருக்கிறார்கள், அதில் உங்கள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. (உங்கள் கிளப் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடுகிறதென்றால் உங்களிடம் ஒரு சீட்டு இருக்கிறது. 25 பேர் பட்டியலில் 4 இடம் அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. ஆள் இல்லாவிட்டால் இடம் காலியாகத்தான் கிடக்கும், வெளியாளை வைத்து நிரப்ப முடியாது. இந்தத் தகுதி உங்களுக்கு வயதாகி வருவதால் போய்விடாது. பேச உட்காரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி ஆட்டம். எனக்கு இதுதான் முக்கியம்.

முன்கள ஆட்டக்காரனின் கோலை எண்ணிவிடலாம், விலையும் போட்டுவிடலாம். நடுக்கள ஆட்டக்காரனின் சொத்தில் பெரும்பகுதி மற்றவர்களைப் பற்றிய அறிவு. இடது பேக்குக்குப் பந்து காலடியில் வேண்டுமா, ஓடும் திசையில் ஒரு கெஜம் முன்னால் வேண்டுமா? எதிரி நெருக்கினால் உங்கள் சென்டர் பேக் எந்தக் காலில் திரும்புவார்? ஸ்ட்ரைக்கர் கையைத் தூக்கிக் கேட்கும்போது நிஜமாகவே கேட்கிறாரா, டிஃபெண்டரை ஏமாற்றுகிறாரா? பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறீர்களே, அந்த அரை நொடியில் நீங்கள் படிக்கிறது இவ்வளவும்தான். இதை மூட்டை கட்டி வேறு கிளப்புக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே போனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், நான் பார்த்தவரை பாதி சீசனாவது பிடிக்கும். பையன்கள் ஆறு மாதம் தவறாகப் பாஸ் கொடுத்தால் "பழகிக்கொண்டிருக்கிறான்" என்பார்கள். முப்பது வயதுக்காரர் கொடுத்தால் "முடிந்துவிட்டது" என்பார்கள். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் மூன்று வருடம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அந்த முதல் ஆறு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இது இருப்பதற்கான வாதம் மாதிரி தெரியலாம். பொறுங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த இடது பேக் இன்னும் அங்கே இருக்கிறாரா? சென்டர் பேக்? அணியில் பாதிப் பேர் மாறியிருந்தால் உங்கள் சொத்தில் பாதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. வீட்டிலேயே இருந்துகொண்டு நீங்கள் வெளியூர்க்காரர் ஆகியிருக்கலாம். கோச் உங்களைப் பெஞ்சில் வைத்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஒரே கிளப்பில் முப்பத்தைந்து வயதுவரை நின்ற நடுக்கள ஆட்டக்காரர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது விஷயம் தெரியும். ஒருவர்கூட ஒரே வேலையைச் செய்துகொண்டு அங்கே நிற்கவில்லை. பால் ஸ்கோல்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடியவர், 2002-03 சீசனில் மட்டும் 20 கோல். ஆஸ்துமா உண்டு, வேகமும் கிடையாது. 2006-இல் பார்வை மங்கிப்போய் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அங்கேயே முடித்திருக்கலாம். திரும்பி வந்தவர் மெதுவாகப் பின்னால் இறங்கினார். எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் கடைசி நொடியில் நுழையும் ஆள், போகப்போக சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நின்று நாற்பது கெஜப் பாஸால் ஆட்டத்தைத் திசை திருப்பும் ஆள் ஆனார். கோல் எண்ணிக்கை விழுந்தது, அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதே அணியில் ரயன் கிக்ஸ் 17 வயதில் இடது ஓரத்தில் பறந்த விங்கர். முப்பதுகளில் கால் வேகம் போனதும் நடுவே வந்தார். 963 ஆட்டங்கள் சும்மா வரவில்லை. 2009-இல், 35 வயதில், இங்கிலாந்தின் சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப்போட்டு அவரை வருடத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாறியவர்களின் கதையாக இதைப் படியுங்கள். நீங்கள் கடிதத்தில் "எட்டாம் நம்பர்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகில் இருக்கும் எண்ணா, செய்யும் வேலையா? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடுகிற வேலை என்றால், உங்கள் வயதில் முதலில் குறைவது வேகம் இல்லை. ஒரு ஓட்டம் ஓடி முடித்து அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகும் நேரம்தான் நீளும். ஒற்றை ஓட்டத்தை அளந்தால் 24 வயதில் ஓடிய மாதிரியே இருக்கும், அதை வைத்து உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். நான் ஏமாந்தேன். கடைசி ஒன்றரை சீசன் "பரிசோதனையில் என் வேகம் அப்படியே இருக்கிறதே" என்று கோச்சிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள் என்னை வீடியோ அறையில் உட்காரவைத்து, ஒன்றும் சொல்லாமல், நான் செய்த ஃபவுல்களை மட்டும் வரிசையாக ஓடவிட்டார். முக்கால்வாசி அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு. எல்லாம் ஒரே மாதிரி: பந்து போன பிறகு என் கால் வருகிறது. அரை அடி தாமதம். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனிதர் எனக்குச் செய்த உதவியை ஐந்து வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

நீங்களும் இதைச் செய்யுங்கள், யாரும் காட்டுவதற்கு முன்னால். கடைசியாக முழுதாக ஆடிய பத்து ஆட்டங்களின் வீடியோவை வாங்குங்கள். முதலில் உங்கள் ஃபவுல்களைப் பாருங்கள், எந்த நிமிடத்தில் என்று எழுதுங்கள். அப்புறம் பந்து உங்களிடம் வந்தபோது நீங்கள் முன்னால் பார்த்து நின்றீர்களா, முதுகைக் காட்டி நின்றீர்களா என்று எண்ணுங்கள். முன்னால் பார்த்து வாங்கியது அதிகமென்றால் பின்னால் இறங்கி ஆடும் வேலை உங்களுக்கு வரும். பெரும்பாலும் முதுகைக் காட்டி வாங்கித் திரும்பவும் பின்னாலேயே கொடுத்திருந்தால், ஒட்டி நிற்கும் எதிரணி ஆளை உடம்பால் தள்ளிவிட்டுத் திரும்புகிற பழைய பலம் குறைகிறது என்று அர்த்தம். இரண்டில் எது என்று தெரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் கை வைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி போதும்.

பிறகு கோச்சிடம் போய்ப் பேசுங்கள். "நான் ஏன் ஆடவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாக் கோச்சும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: நன்றாகப் பயிற்சி செய், வாய்ப்பு வரும். "அடுத்த சீசனில் எனக்கு எந்த வேலை?" என்று கேளுங்கள். பின்னால் இறங்கி ஆடுவதா, கடைசி இருபது நிமிடம் ஆட்டத்தை மூடுவதற்கா, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பையனுக்குப் பக்கத்தில் நின்று ஆடுவதா? அவரால் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிந்தால், அது உங்களுக்குப் பிடிக்காத வேலையாக இருந்தாலும், இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "உன் அனுபவம் டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தேவை" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் ஜன்னலில் தொங்கவிடப் பூந்தொட்டி தேடுகிறார்.

இப்போது கிளப் தரும் அந்த "ஒன்று கூட்டல் ஒன்று": ஒரு வருடம், அவர்கள் விரும்பினால் இன்னொரு வருடம். இது உங்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம், அவர்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தம். நீங்கள் நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஆடாவிட்டால் கையைக் கழுவிவிடுவார்கள். இதை நேராக்குவதற்கு வழி உண்டு. இரண்டாவது வருடம் கிளப்பின் விருப்பத்தில் இல்லாமல், இத்தனை ஆட்டம் ஆடினால் தானாக நீளும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது "ஆட்டம்" என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் "தொடக்கப் பதினொருவரில் 25 லீக் ஆட்டம்" என்று இருந்தது. அந்த ஆட்டக்காரர் 24-ஐத் தொட்டபோது சீசனில் இன்னும் நாலு ஆட்டம் பாக்கி. நாலிலும் பெஞ்ச். இரண்டில் 46-ஆவது நிமிடம் இறங்கினார், அதாவது தொடங்கவில்லை. கோச் மேல் தப்பில்லை, மேலிருந்து வந்த வார்த்தை. அதனால் மாற்று ஆட்டக்காரராக இறங்கினாலும் எண்ணும்படி, கோப்பை ஆட்டங்களும் சேரும்படி கேளுங்கள். கிளப் வேலையில் பட்ட காயத்தால் தவறிய ஆட்டங்களுக்கு என்ன கணக்கு என்பதும் எழுத்தில் வரட்டும்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தேதி. ஆப்ஷனை, அதாவது நீட்டிக்கும் உரிமையைப் பயன்படுத்துவார்களா இல்லையா என்று எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? ஒன்றும் எழுதாவிட்டால் சீசன் முடிந்து ஜூன் வரை இழுப்பார்கள். அப்போது உங்களுக்கு 31 வயது. மற்ற கிளப்புகளெல்லாம் நடுக்களத்தை நிரப்பி முடித்திருக்கும். ஜனவரிக் கடைசிக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.

நாள் தள்ளிப்போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஸ்டீவன் ஜெரார்ட் ஒரு உதாரணம். லிவர்பூலில் 710 ஆட்டங்கள். 2005-இல் செல்சிக்குப் போகப்போகிறேன் என்று சொல்லி, ஒரே நாளில் மனசு மாறி இருந்துவிட்டவர். அவர் கடைசியில் கிளம்பியது எப்படித் தெரியுமா? 2014 கோடையில் கிளப் எதுவும் தரவில்லை. பிறகு ஒரு வருடம் தந்தபோது அவர் மனசு ஆறிப்போயிருந்தது. கோடையிலேயே தாளை நீட்டியிருந்தால் கையெழுத்திட்டிருப்பேன் என்று அவரே சொன்னார். அடுத்த வருடம் சொந்த மைதானத்துக் கடைசி ஆட்டம் 1-3 தோல்வி. அதற்கு அடுத்து ஸ்டோக்கில், லிவர்பூல் ஜெர்சியில் அவருடைய கடைசி ஆட்டம், 1-6. அந்த ஒரு கோல் அவர் அடித்தது.

தேதியை நம் கையில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்பின் மார்க் நோபிள். (இடையில் இரண்டு கிளப்புகளில் கடனாகக் கொஞ்சம் ஆடினார், அதை யாரும் எண்ணுவதில்லை.) 2011-இல் அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியபோதும் இருந்தார், அடுத்த வருடமே ஏறியபோதும் இருந்தார். இங்கிலாந்து அணிக்கு ஒரு தடவைகூட ஆடவில்லை. 2021 மார்ச்சில், இன்னும் ஒரு சீசன், அதோடு முடிந்தது என்று தானே அறிவித்தார். அந்தக் கடைசி சீசனில், செப்டம்பர் 2021, யுனைடெட்டுக்கு எதிராக 1-2, ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டி. பெஞ்சிலிருந்து அவரை அதற்காகவே இறக்கினார்கள். இறங்கி, நேரே போய், பந்தை வைத்து அடித்தார். டே ஹேயா தடுத்துவிட்டார். உடம்பு சூடாகவில்லை, பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று வெளியே எத்தனையோ சொன்னார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. பதினேழு வருடம் 90 நிமிடம் ஆடிய ஆள் ஒரே ஒரு உதைக்காக இறங்கச் சம்மதிக்கிறார் பாருங்கள். நீங்கள் தங்குவதென்றால் உங்களுக்குத் தரப்போகும் வேலை சில நாட்களில் அவ்வளவு சிறியதாக இருக்கும். அதற்கு நீங்கள் தயாரா? 2022-இல் 550 ஆட்டங்களோடு ஓய்வுபெற்ற அவரை அதே கிளப் விளையாட்டு இயக்குநராகக் கூப்பிட்டது, அடுத்த ஜனவரியில் பொறுப்பேற்றார். பலருக்கு இது நடக்காது, எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

இரண்டாவது அணிக்கே போய் ஆடச் சொன்னாலும் இருப்பீர்களா என்றும் யோசித்து வையுங்கள். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்பின் லார்ஸ் ரிக்கன் 1997 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 16 நொடியில், தொலைவிலிருந்தே கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டவர். அப்போது வயது 20. கடைசி வருடங்களில் அதே கிளப்பின் இரண்டாம் அணியில் பையன்களோடு ஆடினார். பிறகு இளையோர் பிரிவைப் பார்த்துக்கொண்டார், 2024-இல் கிளப்பின் விளையாட்டு நிர்வாகத்துக்கே தலைவரானார். அந்த இரண்டாம் அணி வருடங்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

கிளம்புவதென்றால் ஒரு யோசனை. ஜூன் வரை இருந்துவிட்டு ஒப்பந்தம் முடிந்து போனால் உங்கள் கிளப்புக்கு ஒரு காசும் கிடைக்காது. ஜனவரியிலேயே, சிறிய தொகைக்காவது, விற்கச் சொல்லி நீங்களே கேட்டால் ஏதாவது கிடைக்கும். புத்தகத்தில் உங்கள் மதிப்பு பூஜ்யம் என்பதால் அந்தச் சிறிய தொகையும் அவர்களுக்கு முழு லாபம். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சோறு போட்ட இடத்துக்கு ஏதோ வைத்துவிட்டுப் போகிறோம் என்றால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஜனவரியில் போனால் அங்கே பழகும் ஆறு மாதமும் இந்த சீசனிலேயே கழிந்துவிடும்.

கௌரவ ஆட்டத்தைத் தராசில் வைக்காதீர்கள். அது பதினோரு வருடத்துக்கு நன்றி, அடுத்த வருடத்துக்கு முன்பணம் இல்லை. கிளம்பிப் போனவர்களுக்கும் நடத்தியிருக்கிறார்கள், ஓய்வுபெற்றவர்களுக்கும் நடத்தியிருக்கிறார்கள். ஸ்கோல்ஸுக்கு 2011 ஆகஸ்டில் பிரியாவிடை ஆட்டம் நடத்திக் கண்ணீரோடு அனுப்பிவைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தன்று, சக ஆட்டக்காரர்களுக்கே தெரியாமல், டிரெஸ்ஸிங் ரூமில் வந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒன்றரை சீசன் ஆடினார்.

என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பக் கூடாது. உங்கள் கடிதத்தில் கோச்சைப் பற்றி ஒரு குறை இருக்கிறது, பிப்பைப் பற்றி ஒரு வலி இருக்கிறது, பேனரைப் பற்றி ஒரு ஏக்கம் இருக்கிறது. அங்கே ஆடுவதில் இன்னும் என்ன பிடிக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. வீடியோ பார்த்து, கோச்சிடம் பேசி, அவர் உங்களுக்குப் பின்னால் இறங்கி ஆடும் வேலையைத் தந்து, அது உங்களுக்கு உள்ளூரப் பிடித்திருந்தால், திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இருங்கள். இதில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். இருபது வருடமாக ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உங்கள் முகத்தைப் பார்த்தவர்களில் இன்னும் கூட இருப்பவர்கள் உங்கள் குடும்பம்தான்.

நவம்பருக்குள் வீடியோ வேலையை முடித்துவிடுங்கள். கிளப் தந்த வரைவில் ஆப்ஷன் எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பெயரையும் தொகையையும் மறைத்தே அனுப்பலாம், எனக்கு அது தேவையில்லை. தேதி எங்கே இருக்கிறது, "ஆட்டம்" என்ற சொல்லை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.